குழிக்கு வைத்திருந்த மேடு

அப்பாத்துரை சாருக்கு எந்த நிலத்தைப் பார்த்தாலும் அதன் மேலே இருப்பது கண்ணில் படாது. களக்காட்டு பஸ்ஸில் போகும்போது நாமெல்லாம் ஜன்னல் வழியாக வாழைத் தோட்டத்தைப் பார்ப்போம், மலையைப் பார்ப்போம். அவர் குனிந்து மண்ணைப் பார்த்து, "இங்கன பதினஞ்சு அடியில கல்லு கெடக்கு. ஆனா மட்டக்கல்லு" என்பார். என் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர் மண்டபத்துக் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். பந்தி முடிகிறவரைக்கும் கிணற்றுக்குள் தெரிந்த பாறையைப் பற்றியே பேச்சு. பக்கத்து இலைக்காரர் பாயசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சுரங்க சர்வேயர். களக்காட்டுக்கும் வள்ளியூருக்கும் நடுவில் ஒரு சிமெண்ட் கம்பெனிக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருந்தது. சுரங்கம் என்றதும் பூமிக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு போவதாக நினைக்க வேண்டாம். வானம் பார்த்த பெரிய குழி, அவ்வளவுதான். வெடி வைத்துக் கல்லை உடைத்து, டிப்பர் லாரியில் ஏற்றி, கிரஷரில் கொட்டி நொறுக்கி, ஆலைக்கு அனுப்புவார்கள். ஆலைக்கு ஆகாத மட்டமான கல்லை, அதாவது மட்டக்கல்லை, ஓரமாக மேடாகக் கொட்டிவிடுவார்கள். அந்த ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். நாகலக்ஷ்மி என்று பேர். சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். ஆபீஸில் என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் அப்பாத்துரை சார்தான். அவருக்குக் கீழே நான் டைப் அடித்தது அதிகம் என்பதால், அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை சுரங்கத்துக்கு ஒரு திட்டம் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். அதில் இரண்டு பாதி. முதல் பாதி, எங்கே எவ்வளவு தோண்டப் போகிறோம் என்பது. இரண்டாம் பாதி, தோண்டிய நிலத்தை எப்படிச் சீர் செய்து திருப்பித் தரப் போகிறோம் என்பது. "மொதப் பாதி சாப்பாடு, ரெண்டாம் பாதி பாத்திரம் கழுவுதது" என்பார் அவர். மற்ற சுரங்கங்களில் பாத்திரம் கழுவுகிற பாதியை ஏனோதானோ என்று எழுதுவார்கள். இவர் அப்படி இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் பயிற்சி பெற்றுவிட்டு வந்த மனிதர். மூடாமல் விட்ட குழியைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். "திங்கத் தெரிஞ்சவனுக்கு எலையை எடுக்கத் தெரியாதாக்கும்" என்று, கேட்க ஆள் இல்லாத இடத்தில்கூடத் திட்டுவார். வரைபடத்தில் மூடித் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலங்களுக்குப் பச்சைப் பென்சிலால் வண்ணம் தீட்டுவதை யாரிடமும் விடமாட்டார். தானே உட்கார்ந்து, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி தீட்டுவார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அவருக்கு ஒரு தங்கை. பாக்கியவதி. சுரங்கத்தை ஒட்டியிருந்த வேதமணிபுரத்தில்தான் அண்ணன், தங்கை இரண்டு பேர் வீடும். கோயிலுக்கு, அதாவது அவர்கள் சர்ச்சுக்கு, இந்தப் பக்கம் அண்ணன் வீடு. ஊர்க் கடைசியில் தங்கை வீடு. புருஷன் செத்துப்போய், ஒரே மகள் ரீபாவை வைத்துக்கொண்டு, நாலு ஏக்கர் செவல் நிலத்தில், அதாவது செம்மண் காட்டில், பாடுபட்டுக்கொண்டிருந்தவள். கிணறு உண்டு. மிளகாயும் சின்ன வெங்காயமும் போடுவாள். அந்தச் செவலில் விளைந்த மிளகாயை எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவாள். எங்கள் வீட்டில் அதைப் போட்டு ரசம் வைத்த அன்று எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் அடுத்த பொட்டலம் எப்போது வரும் என்று என் மாமியாரே கேட்டார்.

தொண்ணூற்றொன்றில் கம்பெனிக்கு அந்த நாலு ஏக்கர் தேவைப்பட்டது. கீழே நல்ல கல். அதிக ஆழமும் இல்லை. கிரயம் பேச ஆள் போனான். பாக்கியவதி, "நெலத்த வித்துட்டு நான் என்னத்தப் பாக்குதது? எனக்கு வேற என்ன தெரியும்?" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

அந்த வருஷம் வேதமணிபுரம் கோயிலில் பிரதிஷ்டைப் பண்டிகை. பண்டிகை முடிந்து ஊருக்கே அசனம், அதாவது பெரிய விருந்து. அப்பாத்துரை சார் ஆபீஸ் முழுவதையும் அழைத்திருந்தார். கோயில் முன்னால் பந்தல் போட்டு, ஆள் உயர அண்டாக்களில் கறியும் சோறும் வேகிற வாசனை. நான் கறி சாப்பிடமாட்டேன் என்று பாக்கியவதி தன் வீட்டில் எனக்குத் தனியாக ரசமும் அவியலும் பண்ணி வைத்திருந்தாள். சாதி ஆசாரம் பார்க்கிறேனோ என்று அவளுக்குத் தயக்கம். இன்னொரு கரண்டி அவியல் கேட்டதும் தயக்கம் போய்விட்டது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அப்பாத்துரை சார் உள்ளே வந்து, தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஏட்டி பாக்கியம், விக்க வேண்டாம். அஞ்சு வருசத்துக்குக் குத்தகையாக் குடு. மேல்மண்ண வழிச்சுத் தனியா ஒரு எடத்துல வச்சிருவோம். மூணு வருசத்துல கல்ல எடுத்திருவாவ. பொறவு குழிய மூடி, மேல்மண்ண மேல போட்டு, உன் கையில குடுத்திருதேன்."

"குழிய எத வச்சு மூடுவாவ?"

"மட்டக்கல்ல கொட்டி வச்சிருக்க மேட்ட நீ தெனமும் பாக்கியே, உன் வீட்டுக்கு எதுத்தாப்ல. அது உன் குழிக்குத்தான். திட்டம் எழுதுதது ஆரு? நான்லா."

அவள் என் இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் விட்டாள். பிறகு, "கம்பெனிக்காரன் சொன்னா நம்ப மாட்டேன். நீ சொல்லுத. சரி" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. பத்திரம் எழுதியதெல்லாம் பிறகு. அவளைப் பொறுத்தவரை அன்றைக்கே, என் இலை முன்னால், விஷயம் முடிந்துவிட்டது.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். செவல் மண்ணை ஒரு கூடைகூட வீணாக்காமல் வழித்து, தனியாகக் குவித்து, மழையில் கரைந்துவிடக்கூடாது என்று அதன்மேல் கொழுஞ்சி விதைக்கச் செய்தார். கொழுஞ்சி பூத்தபோது அந்தக் குவியல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாக்கியவதி பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குக் களை பறிக்கப் போனாள். சொந்த நிலம் வைத்திருந்தவள் கூலிக்குப் போவது லேசான காரியமில்லை. ஆனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலம் கைக்கு வந்ததும் முதலில் வெங்காயம் போடுவதா மிளகாய் போடுவதா என்று என்னிடமே யோசனை கேட்பாள். எனக்கு வெங்காயம் உரிக்கத்தான் தெரியும் என்பேன்.

கல்லை எடுத்து முடித்தார்கள். நடுவில் வீடு கட்டுகிற வேகம் எங்கும் கூடியது. சிமெண்டுக்கு நல்ல கிராக்கி. அதனால் குழி இன்னும் கொஞ்சம் ஆழமானது, மூடுவது கொஞ்சம் தள்ளிப்போனது. பரவாயில்லை, அடுத்த திட்டத்தின் முதல் வேலையே இதுதான் என்று சார் பச்சைப் பென்சிலைச் சீவி வைத்திருந்தார்.

அப்போதுதான் சந்தை சரிந்தது. தொண்ணூற்றாறு. வடக்கே புதிது புதிதாகப் பெரிய ஆலைகள் வந்து, சிமெண்டு கொட்டிக் கிடந்தது. வாங்க ஆளில்லை. எங்கள் கல்லை வெட்டி எடுக்கிற செலவுக்கு வேறு எங்கிருந்தாவது வாங்கிக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் கணக்குப் போட்டுவிட்டார்கள். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு காண்டீனில் ஆரம்பித்து, களக்காட்டுக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. மளிகைக்கடைக்காரர்கள் எங்கள் ஆட்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். இருநூறு குடும்பம் அந்தக் குழியை நம்பி இருந்தது. என் குடும்பமும் அதில் ஒன்று.

மேனேஜர் குற்றாலலிங்கம் நல்ல மனிதர்தான், ஆனால் சட்டென்று கலங்கிவிடுவார். ஒரு நாள் அப்பாத்துரை சார் மேஜைக்கு வந்து நின்றார். "அண்ணாச்சி, புதுத் திட்டத்துல செலவப் பாதியாக் கொறச்சுக் காட்டணும். இல்லன்னா பூட்டிருவாவ. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

சார் மூன்று நாள் பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நாலாவது நாள் காலையில் என் மேஜைக்கு வந்து, மேஜையைக் கையால் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாகலக்ஷ்மி, மட்டக்கல்லு மட்டக்கல்லுன்னு இத்தன வருசம் தூக்கி எறிஞ்சோம்லா? அதுல சுண்ணாம்பு கொஞ்சந்தான் கொறவு. மூணு பங்கு நல்ல கல்லுக்கு ஒரு பங்கு அதக் கலந்தா ஆலை வேண்டாம்னு சொல்லாது. வெடி வைக்க வேண்டாம், தோண்ட வேண்டாம். மேல கெடக்கத அள்ளிப் போட்டாப் போதும்!"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. குற்றாலலிங்கம் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அன்று ஆபீஸ் முழுவதற்கும் மேனேஜர் செலவில் அல்வா வந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அல்வா வயிற்றில் இருக்கும்போதே நான் முதல் பாதியை டைப் அடித்து முடித்தேன். இரண்டாம் பாதியின் கைப்பிரதியை அவர் தரவே இல்லை. மறுநாளும் தரவில்லை. என்ன சார் என்று போய் நின்றால், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, தங்கையின் நாலு ஏக்கர்மேல் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பாதியிலும் ஒரே மேடு. முதல் பாதியில் அது கிரஷருக்குப் போகிற கல். இரண்டாம் பாதியில் அது பாக்கியவதியின் குழியை மூடுகிற மண். முதல் பாதி எழுதும்போது அவர் சர்வேயராக மட்டும் இருந்தார். அவ்வளவு கெட்டிக்காரருக்கு அது தோன்றாமலா போனது என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். கெட்டிக்காரருக்குத்தான் அப்படித் தோன்றாமல் போகும். தன் யோசனையின் அழகில் மயங்கிவிட்டார் மனிதர்.

"இப்ப என்ன சார் பண்றது?"

"கெழக்கால புதுசா ஒரு குழி திறக்கணும்னு ஏற்கெனவே இருக்கு. அதத் திறந்தா மேல உள்ள மண்ணும் மட்டக்கல்லும் மலை மலையா வரும். அத வச்சு பாக்கியத்துக் குழிய மூடிருவோம். ரெண்டு வருசம் தள்ளிப் போவும், அம்புட்டுதான்."

"அந்தக் குழியை எப்போ திறப்பா?"

"சந்தை நிமிந்த ஒடன."

அப்படியே எழுதினார். அப்படியே டைப் அடித்தேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதிகாரிகள் வந்து பார்த்து, பாராட்டி, அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்கள். சுரங்கம் பிழைத்தது.

"தங்கச்சிகிட்டச் சொல்லிடுங்கோ சார். வேற யாராவது சொல்லி அவா தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்கோ" என்றேன்.

"சொல்லணும். சொல்லிருதேன்."

சொல்லத்தான் போனார். மேட்டை அள்ள ஆரம்பித்த முதல் நாளே போனார். அவர் போகும்போது பாக்கியவதி வாசலில் நின்று டிப்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவள் வீட்டிலிருந்து மேடு மட்டும்தான் தெரியும். குழி மேட்டுக்கு அந்தப் பக்கம். வெடி வைக்கிற இடம் என்பதால் வெளியாட்கள் அங்கே போக முடியாது. டிப்பர்கள் மேட்டில் ஏற்றிக்கொண்டு, பனைகளுக்குப் பின்னால் திரும்பி மறைந்துவிடும். அந்தத் திருப்பத்தில் இடது பக்கம் போனால் குழி, வலது பக்கம் போனால் கிரஷர். அவளுக்கு அது எப்படித் தெரியும்? அண்ணனைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிச்சிட்டாவ பாத்தியாண்ணே! நான் சொன்னேன்லா, எங்க அண்ணன் சொன்னாச் சொன்னதுதான்னு. இந்த ஊர்ல எத்தன பேரு என்னப் பாத்துச் சிரிச்சாவ!"

சொல்லாமலே திரும்பி வந்து, அப்படிச் சொல்கிறவளிடம் என்னத்தைச் சொல்வது என்று அவர் என்னிடம் கேட்டார். "உள்ளதைச் சொல்லணும்" என்றேன். "அன்னைக்கு அவ முகத்த நீ பாக்கல. அப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தன வருசமாச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தச் சிரிப்பு எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துமா இப்படிப் பேசுகிறார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். என்ன செய்ய, ஆபீஸ் வேலை.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. மேட்டை அள்ளுகிற டிரைவர்களுக்கு பாக்கியவதி மோர் கொடுக்க ஆரம்பித்தாள். சித்திரை வெயில். மேட்டடியில் நிழல் கிடையாது. தன் நிலத்தை மூடுகிற பிள்ளைகள் தாகத்தில் கிடக்கக்கூடாது என்று, பக்கத்து வீட்டில் தயிர் வாங்கி, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டு, குடத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு வண்டியாக நிறுத்திக் கொடுத்தாள். தான் கூலிக்குப் போகும் நாளில் ரீபாவை அனுப்பினாள். ரீபா அப்போது பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பில் சேர்ந்து, லீவுக்கு வந்திருந்தாள். டிரைவர்களும் வாங்கிக் குடித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ புண்ணியத்துக்குக் கொடுக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆபீஸ் ஜன்னலிலிருந்து அது தெரியும். அப்பாத்துரை சார் அந்த நேரத்துக்கு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். வேலை செய்கிற மாதிரி இருப்பார். ஒரு கோடும் போடமாட்டார். நான் அவருக்குக் கேட்கட்டும் என்றே, "இன்னிக்கும் மோர் வந்துடுத்து" என்று சொல்வேன். அது என் குணம். ஆனால் அவர் தலை குனிகிறதைப் பார்த்த பிறகு, ஏண்டா சொன்னோம் என்று எனக்கே இருக்கும்.

டிரைவர்களில் மந்திரமூர்த்தி என்று ஒரு ஆள். வள்ளியூர்க்காரன். முரட்டு மீசையும் மெல்லிய மனசும். ஒரு நாள் மோரை வாங்கிக்கொண்டு, "எதுக்கு யக்கா எங்களுக்கு இம்புட்டு செய்யுதிய?" என்று கேட்டிருக்கிறான். "என் வயலத்தானய்யா மூடுதிய, இதுகூடச் செய்ய வேண்டாமா?" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவன் அந்தச் சொம்பைக் குடிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"யக்கா, நாங்க எதையும் மூடல. இது கிரஷருக்குப் போவுது. ஆலைக்குப் போற கல்லு. எனக்கு இனிமே மோரு வேண்டாம் யக்கா."

அவன் நேரே ஆபீஸுக்கு வந்து எங்களிடம் சொன்னான். "அந்த அக்காட்ட ஏன் சார் ஒருத்தரும் சொல்லல?" என்று அப்பாத்துரை சாரையே கேட்டான். அவர் பாக்கியவதியின் அண்ணன் என்பது அவனுக்குத் தெரியாது. சார் நாற்காலியை விட்டு எழுந்தவர், மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனார். சண்டை போடுவாள், அழுவாள், கோயில் ஐயரிடம், அதாவது பாதிரியாரிடம், போய் முறையிடுவாள் என்றெல்லாம் பயந்துகொண்டு போனாராம். அவள் ஒன்றுமே செய்யவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். சந்தை விழுந்தது, இருநூறு குடும்பம், கிழக்குக் குழி, எல்லாவற்றையும் கேட்டாள். "சரிண்ணே" என்றாள். மறுநாளிலிருந்து டிரைவர்களுக்கு மோர் வரவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். ஆடி மாதம் எனக்கு ஒரு பொட்டலம் மிளகாய்கூட வந்தது, யார் தோட்டத்து மிளகாயோ.

கிழக்குக் குழியைத் திறக்கவே இல்லை. சந்தை நிமிரவில்லை. தொண்ணூற்றெட்டில் திட்டத்தை மறுபடியும் திருத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. உற்பத்தியை இன்னும் குறை, புதுக்குழி வேண்டாம். பாக்கியவதியின் குழியில் அதற்குள் இரண்டு மழைக்காலத்துத் தண்ணீர் நின்றுவிட்டது. கொக்கு வந்து உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, மூட மண்ணு ஏது? நீர்த்தேக்கம்னு காட்டிருவோம். சட்டத்துல எடம் இருக்கு. சுத்தி வேலி போட்டு, நாலு வேப்பங்கன்னு நட்டுருவோம்" என்றார் குற்றாலலிங்கம். அவரும் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

சார் மேலிடத்துக்குப் போய் மன்றாடிப் பார்த்தார். அதிகாலை ரயிலுக்குக் கிளம்பி மெட்ராஸ் வரைக்கும் போனார். வெளியிலிருந்து மண் வாங்கி மூடச் சொன்னார். குழி மூடுவதற்கு மண் விலைக்கு வாங்கச் சொல்கிற சர்வேயரை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தவர் இரண்டாம் பாதியை எழுதிக் கொடுத்தார். நாலு ஏக்கருக்கும் நீலம் அடித்தார். அன்றைக்கு நாக்கு வெளியே வரவில்லை. கம்பெனி நியாயமான விலை கொடுத்து நிலத்தைக் கிரயம் முடித்துக்கொண்டது. பாக்கியவதி காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கொழுஞ்சி முளைத்துக் கிடந்த அந்தச் செவல் மண் கம்பெனி விருந்தினர் விடுதித் தோட்டத்துக்குப் போனது. அங்கே குரோட்டன்ஸ் செடிகள் அமோகமாக வந்தன.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாத்துரை சார் தப்பான காரியம் செய்தாரா என்று கேட்டால், மேட்டை எடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். என் பிள்ளைகள் அந்த வருஷங்களில் பள்ளிக்கூடம் போனது அந்த மேட்டால்தான். நாலு ஏக்கரா, இருநூறு குடும்பமா என்று தராசில் வைத்தால் எல்லோருமே இருநூறு பக்கம்தான் நிற்போம். அவரும் அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்காதீர்கள். கோயில் பாட்டுக் குழுவில் அவருக்குத்தான் கனத்த குரல். அந்த வருஷத்திலிருந்து பின்வரிசையில் போய் நின்றுகொண்டார்.

தொண்ணூற்றொன்பதில் அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாக்கியவதி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கையில் பழமும் வெற்றிலைத் தட்டும். "நாளைக்கு நம்ம ரீபாவுக்குக் கோயில்ல ஓலை வாசிக்காவ அண்ணே. வந்திரு" என்றாள்.

அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உண்டானால் தெரிவிக்கலாம் என்று சபையார் எல்லோரையும் கேட்பார்கள். ஓலை வாசிக்கிற நிலைக்கு வந்துவிட்டது என்றால் பெண் பார்த்து, பேசி, நிச்சயம் பண்ணி, தேதி குறித்து எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பெண்ணுக்குத் தகப்பன் இல்லாத வீட்டில் தாய்மாமன்தானே முன்னால் நின்று பேச வேண்டும்? மாப்பிள்ளை யார் என்பதையே தாய்மாமன் தட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஸ்ரீவைகுண்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பையன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டபோது, முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பின்வரிசையில் நின்ற அவரைப் பார்த்தார்களாம். ஊரையே பார்த்துக் கேட்கிற அந்தக் கேள்விதான் தாய்மாமனான அவருக்கும் கிடைத்த கேள்வி. ஆராதனை முடிந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போனார். இதையெல்லாம் திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் வைத்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்.

"எனக்கு அம்புட்டு கோவம் நாகலக்ஷ்மி. வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டேன். ஏட்டி, செத்தா போனேன் நான்? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு உனக்குத் தோணலியான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"அழல. சத்தம் போடல. பைய நாற்காலிய எடுத்துப் போட்டா. உக்காருண்ணே, கேட்டிருக்கணும், தப்புதான்னு சொன்னா. பொறவு சொன்னா..." சாப்பாட்டுப் பாத்திரத்தை அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"'நீயும் அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அண்ணே. மேட்ட எடுத்தாத்தான் இருநூறு வீட்டுல அடுப்பெரியும், என்ன செய்யட்டும்னு நீ வந்து கேட்டிருந்தா, நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? எடுத்துக்கிடுன்னு நானே குடுத்திருப்பேனே. இந்த ஊர்ல நானும் ஒரு ஆளுதானே. நீ எங்கிட்ட கேக்கவே இல்லியே.'"

காண்டீன் பக்கம் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். நான் அவரைத் திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கேட்டேன்.

"நீங்க என்ன சார் சொன்னேள்?"

"என்னத்தச் சொல்ல? அவ சோறு போட்டா. தின்னுட்டு வந்தேன்."